செல்போனில் மறைந்த பொத்தான்

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் பஸ்ஸில் வரும்போது, சன்னல் ஓரமாக உட்கார்ந்து ஆனைமலையைப் பார்த்திருக்கிறீர்களா? துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போல, ஒரே பாறையாக நீண்டு கிடக்கும் மலை அது. தொலைவில் வரும்போது பஸ் சன்னலுக்குள் முழு யானையும் அடங்கிவிடும். ஒத்தக்கடையை நெருங்கியதும் அதே சன்னலில் யானையின் விலாப்புறம் மட்டுமே தெரியும். தலையும் இல்லை, வாலும் இல்லை. ஊருக்குப் புதியவர் ஒருவர் அப்போதுதான் தூக்கத்திலிருந்து விழித்துப் பார்த்தால், “வெறும் பாறை” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடுவார். மலை சிறுத்துவிடவில்லை, சன்னல்தான் போதவில்லை.

இதே சன்னல் சங்கடம் நம் செல்போன் திரையிலும் உண்டு. அதனால் என் மாணவி ஒருத்திக்கு ஓராண்டு உதவித்தொகையே கைநழுவிப் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லி, அதற்குக் காரணமான கணக்கையும் உங்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த மாணவி, தன் அம்மாவின் செல்போனில் ஒரு உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பினாள். பெயர், வகுப்பு, மதிப்பெண், குடும்ப வருமானம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். வங்கிக் கணக்கு எண்ணோடு படிவம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அந்த இணையதளத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. வேலை முடிந்தது என்று செல்போனை மூடி வைத்துவிட்டாள். கடைசித் தேதி கடந்து இரண்டு நாள் கழித்து, அதே விண்ணப்பத்தை ஒத்தக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பிய தோழியோடு பேசும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. வங்கிக் கணக்கு எண்ணுக்குக் கீழே ஒரு உறுதிமொழியும், அதற்கும் கீழே “சமர்ப்பிக்க” என்று ஒரு பொத்தானும் இருந்தனவாம்.

“சார், நான் பொய் சொல்லல சார். அம்மா போன்ல அந்தப் பட்டனே வரல. நான் சரியாப் பாக்கலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க” என்று செல்போனை நீட்டியபடி வந்து நின்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. எவ்வளவு தள்ளினாலும் பொத்தான் வரவில்லை. என் மேசைக் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். பொத்தான் பளிச்சென்று இருந்தது! ஒரே முகவரி, ஒரே படிவம். ஓர் இடத்தில் இருக்கும் பொத்தான் இன்னோர் இடத்தில் எங்கே போயிற்று?

பக்கத்துக்குள் ஒரு பக்கம்

கணினியில் இணையப் பக்கத்தின் மூல நிரலை, அதாவது அந்தப் பக்கம் எந்த வரிகளால் எழுதப்பட்டிருக்கிறதோ அவற்றை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நாங்களும் பார்த்தோம். படிவம் அந்த இணையதளத்துக்குச் சொந்தமானதாகவே இல்லை. வேறொரு கணினியில் இருந்த படிவத்தைக் கொண்டுவந்து, பக்கத்தின் நடுவே ஒரு சட்டகத்துக்குள் பதித்திருந்தார்கள்.

சட்டகம் என்பது சுவரில் வைத்த சன்னலைப் போன்றது. சுவர் ஒருவருடையது, சன்னலுக்கு அப்பால் தெரியும் தோட்டம் வேறொருவருடையது. இணையப் பக்கங்களில் வரைபடம், வீடியோ, பணம் செலுத்தும் பகுதி, விண்ணப்பப் படிவம் ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான் பதிக்கப்படுகின்றன. இதற்கு ‘ஐஃப்ரேம்’ என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 என்னும் உலாவியில் இது முதலில் வந்தது. 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 என்ற தரநிலையிலும் இடம்பெற்றது.

சட்டகம் வைப்பவர் அதன் அகலத்தையும் உயரத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால் உலாவி தானாக 300 புள்ளி அகலம், 150 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்ளும். எங்கள் படிவத்தின் சட்டகத்துக்கு, “அகலம்: திரை முழுவதும், உயரம்: 600 புள்ளிகள், உருள்பட்டை வேண்டாம்” என்று எழுதியிருந்தது. உருள்பட்டை என்பது, உள்ளே இருப்பதை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதற்காகச் சன்னலின் ஓரத்தில் தோன்றும் பட்டை. அது பார்க்க அழகாயில்லை என்று நீக்கிவிட்டார்கள் போலும்.

இங்கே ‘புள்ளி’ என்பதை ஒரு வரியில் விளக்கிவிடுகிறேன். இது திரையில் உள்ள உண்மையான ஒளிப்புள்ளி அன்று. ஓர் அளவை அலகு. ஓர் அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கை, ஒரு கை நீளத்தில், அதாவது 28 அங்குலத் தொலைவில் வைத்துப் பார்த்தால் கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்குமோ அதுதான் ஒரு புள்ளி. கணக்கிட்டால் ஏறக்குறைய 0.0213 டிகிரி வரும். செல்போனைக் கண்ணருகே பிடிப்பதால் அதில் ஒரு புள்ளி இன்னும் சிறிதாக இருக்கலாம். குறுக்கே 1080 ஒளிப்புள்ளிகள் கொண்ட ஒரு செல்போன், மூன்று ஒளிப்புள்ளிகளை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு, “என் அகலம் 360” என்று சொல்லிக்கொள்ளும். இக்கட்டுரையில் இனி வரும் புள்ளிகள் எல்லாம் இந்த அளவை அலகே.

சட்டகத்தின் உயரம் 600 என்று எழுதியவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. தம் கணினியில் அளந்து பார்த்துத்தான் எழுதியிருப்பார். அங்கே படிவம் முழுவதும் 600 புள்ளிக்குள் அழகாக அடங்கியிருக்கும். பின் தவறு எங்கே?

எழுத்தும் தண்ணீரும்

ஓர் அகன்ற தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். விரற்கடை உயரம்கூட வராது. அதே தண்ணீரை ஒல்லியான அளவுசாடியில் ஊற்றினால் மளமளவென்று மேலே ஏறிவிடும். தண்ணீரின் அளவு மாறவில்லை. பாத்திரம் குறுகியதால் உயரம் கூடிற்று. இணையப் பக்கத்தில் எழுத்தும் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். நம் படிவத்தில் இடைவெளி உட்பட 1500 எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்குச் சராசரியாக 12 புள்ளி அகலமும், ஒரு வரிக்கு 24 புள்ளி உயரமும் தேவை. சட்டகத்தின் அகலம் 720 புள்ளி என்றால், ஒரு வரியில் 720 ÷ 12 = 60 எழுத்துகள் பிடிக்கும். ஆகவே 25 வரிகள். உயரம் 25 × 24 = 600 புள்ளிகள். கணினியில் அளந்தவருக்கு இதுதான் கிடைத்தது.

இப்போது செல்போனுக்கு வாருங்கள். அகலம் 360 புள்ளி. ஒரு வரியில் 30 எழுத்துகள்தான் பிடிக்கும். ஆகவே 50 வரிகள். உயரம் 1200 புள்ளிகள்! சட்டகமோ 600-க்கு மேல் காட்டாது. பாதிப் படிவம் சன்னலுக்குக் கீழே மறைந்துவிட்டது. உருள்பட்டையும் இல்லாததால், மறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளமும் மறைந்துவிட்டது.

இரண்டு அகலங்களுக்கும் பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள். 720 × 600 = 4,32,000. 360 × 1200 = 4,32,000. இரண்டும் ஒன்றே! பாயில் விதி படித்தவர்களுக்கு இது பழகிய முகமாகத் தோன்றும். வெப்பநிலை மாறாத வாயுவில் அழுத்தமும் பருமனும் பெருக்கினால் ஒரு மாறிலி வருவது போல, இங்கே அகலமும் உயரமும் பெருக்கினால் ஒரு மாறிலி வருகிறது. 

உண்மையில் உயரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தண்ணீரைப் போல எழுத்து தொடர்ச்சியாக ஓடுவதில்லை. சொல் சொல்லாகத்தான் நகரும். நம் தமிழிலோ சொற்கள் நீளமானவை. ‘ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றன’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள், 17 எழுத்துகள்! 30 எழுத்துகள் பிடிக்கும் வரியில் 16 எழுத்துக்கு இடம் மிச்சமிருந்தாலும், இந்தச் சொல் அங்கே உட்காராது. அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பாதி வரி வீண். திரை குறுகக் குறுக இந்த வீண் இடம் அதிகமாகும். ஆகவே ஆங்கிலப் பக்கத்தில் அளந்த உயரத்தை அதன் தமிழ்ப் பதிப்புக்கு அப்படியே வைத்தால், கடைசி வரிகள் மறைந்துபோகும் வாய்ப்பு மிகுதி.

அத்துடன் எழுத்துருவும் ஒன்றாக இருப்பதில்லை. விண்டோஸ் கணினியில் ‘லதா’ அல்லது ‘நிர்மலா’ எழுத்துரு இருக்கும். ஆண்ட்ராய்டு செல்போனில் ‘நோட்டோ’ தமிழ் எழுத்துரு இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-ல் ஒருங்குறியை ஏற்றதோடு, எந்தக் குறியீட்டில் எழுதுவது என்ற பழைய குழப்பம் பெரிதும் தீர்ந்தது. ஆனால் ஒரே குறியீட்டை வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு அகலத்தில்தான் வரைகின்றன.

கல்லில் வெட்டியவருக்கு இல்லாத கவலை

ஆனைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-ல் குடைவித்தது அது. அவர் காலமானபின் அவருடைய தம்பி மாறன் எயினன் மண்டபம் அமைத்து அப்பணியை முடித்துவைத்தார். இச்செய்தியை அங்குள்ள கல்வெட்டுகளே சொல்கின்றன. அந்த எழுத்துகளை வெட்டியவர், பாறை எவ்வளவு அகலம் என்று முதலில் அளந்துகொண்டிருப்பார். வெட்டிய பிறகு பாறை குறுகப் போவதில்லை. பின்னாளில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவருக்கும் தாளின் அகலம் முன்கூட்டியே தெரியும்.

இணையப் பக்கம் எழுதுகிறவர் நிலைமை அப்படியன்று. அவருடைய எழுத்து விழப்போகும் ‘பாறை’ ஒருவர் வீட்டில் 360 புள்ளி. இன்னொருவர் அலுவலகத்தில் 1920 புள்ளி. ஆகவே, “இந்தப் படிவத்தின் உயரம் என்ன?” என்ற கேள்விக்கு ஒரு விடை கிடையாது. “எவ்வளவு அகலத்தில்?” என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான விடை. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

படம் வந்தால் கணக்கு தலைகீழ்

எழுத்து, அகலம் குறைந்தால் உயரும். படமோ நேர் எதிர். அகலம் குறைந்தால் அதுவும் குள்ளமாகும். அகலத்துக்கு உயரம் முக்கால் பங்கு உள்ள ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 720 புள்ளி அகலத்தில் அது 540 புள்ளி உயரம். 360 புள்ளி அகலத்தில் 270 புள்ளிதான்.

மேலே சொன்ன 1500 எழுத்துகளும் இந்தப் படமும் ஒரே சட்டகத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? எழுத்தின் உயரத்தையும் படத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும்.

அகலம் 360 என்றால்: 1200 + 270 = 1470.
அகலம் 480 என்றால்: 900 + 360 = 1260.
அகலம் 720 என்றால்: 600 + 540 = 1140.
அகலம் 800 என்றால்: 540 + 600 = 1140.
அகலம் 1080 என்றால்: 400 + 810 = 1210.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? உயரம் முதலில் இறங்கி, பிறகு ஏறுகிறது. 720-க்கும் 800-க்கும் நடுவே எங்கோ ஒரு பள்ளம் இருக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் நுண்கணிதத்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். ஏறக்குறைய 759 புள்ளி அகலத்தில் எழுத்தும் படமும் சமமாக 569 புள்ளி வீதம் உயர்ந்து நிற்க, மொத்த உயரம் 1138 என்ற மிகக் குறைந்த அளவை அடைகிறது. ஆகவே “பெரிய திரைக்குச் சிறிய உயரம், சிறிய திரைக்குப் பெரிய உயரம்” என்ற குத்துமதிப்பு விதியும் எப்போதும் பலிக்காது.

சட்டகத்துக்குள் வீடியோ மட்டும் இருந்தால் தொல்லை இல்லை. யூடியூப் வீடியோவைப் பதிப்பதற்குத் தரும் நிரலில் 560 × 315 என்ற அளவைப் பார்க்கலாம். 315-ஐ 560-ஆல் வகுத்தால் 0.5625, அதாவது 16-க்கு 9 என்ற விகிதம். அகலம் எதுவானாலும் அதில் 56.25 விழுக்காட்டை உயரமாக வைத்துவிட்டால் போதும். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. படிவத்துக்கு அப்படி ஒரு விகிதம் கிடையாது.

உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாதா?

“சார், கணினிக்குத்தான் எல்லாம் தெரியுமே! வெளிப்பக்கம் உள்ளே எட்டிப் பார்த்து, உயரத்தை அளந்து, சட்டகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளக்கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

உள்ளே இருக்கும் பக்கமும் வெளியே இருக்கும் பக்கமும் ஒரே இணைய முகவரியிலிருந்து வந்திருந்தால் தாராளமாக அளக்கலாம். வெவ்வேறு முகவரியாக இருந்தால் உலாவி அனுமதிக்காது. ‘ஒரே மூலக் கொள்கை’ என்று இதற்குப் பெயர். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியில் தோன்றிய இந்த விதியை இன்று எல்லா உலாவிகளும் கடைப்பிடிக்கின்றன. உங்கள் வங்கிப் பக்கத்தை ஒரு சட்டகத்துக்குள் வைத்து, கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று யாரோ ஒருவர் படித்துவிடக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தத் தடை.

“எழுத்தைப் படிக்க வேண்டாம், உயரத்தை மட்டும் சொன்னால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்பீர்கள். கெட்டுவிடும். தேர்வு முடிவுப் பக்கம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பாடத்திலும் தேறியவருக்கு ஒரே வரி வரும். தேறாதவருக்கு ஒவ்வொரு ‘அரியர்’ பாடத்துக்கும் ஒரு வரி கூடும். ஒரு வரிக்கு 24 புள்ளி என்றால், பக்கத்தின் உயரத்தைக் கொண்டே எத்தனை அரியர் என்று சொல்லிவிடலாமே! உயரமும் ஒரு செய்திதான். அதனால்தான் உலாவி அதையும் மறைக்கிறது.

அப்படியானால் நிலைமை என்ன? சட்டகத்தின் உயரத்தை மாற்றும் அதிகாரம் வெளிப்பக்கத்திடம் இருக்கிறது. தேவையான உயரம் எவ்வளவு என்ற செய்தி உள்பக்கத்திடம் இருக்கிறது. இருவருக்கும் நடுவே சுவர்.

கடிதப் போக்குவரத்து

சுவரில் ஒரு தபால் பெட்டி வைத்தால் பிரச்சினை தீரும். உலாவிகளில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ‘போஸ்ட்மெசேஜ்’ என்பது அதன் பெயர். உள்பக்கம் தன் உயரத்தைத் தானே அளந்து, “இப்போது எனக்கு 1200 புள்ளி வேண்டும்” என்று ஒரு சிறு செய்தியை அனுப்பும். வெளிப்பக்கம் அதைப் பெற்று, சட்டகத்தை 1200 ஆக்கும். உள்பக்கம் விரும்பினால்தான் சொல்லும்; சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லும். ஆகவே ரகசியமும் காப்பாற்றப்படுகிறது.

இதில் இரண்டு கவனங்கள் வேண்டும். முதலாவது, கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இந்தத் தபால் பெட்டியில் வேறு யாரும் கடிதம் போடலாம். அனுப்பியவர் முகவரியைச் சரிபார்க்காமல் எந்தக் கடிதத்தையும் நம்பக்கூடாது.

இரண்டாவது, ஒருமுறை அளந்தால் போதாது. முதலில் வந்த எழுத்துருவுக்குப் பதிலாக வேறு எழுத்துரு மெதுவாக வந்து சேரலாம். படம் தாமதமாக இறங்கலாம். “ஆம்” என்று தொட்டதும் படிவத்தில் நான்கு கேள்விகள் புதிதாக முளைக்கலாம். செல்போனைப் படிப்பவர் அதைக் கையில் திருப்பலாம். ஒவ்வொரு முறையும் உயரம் மாறும். ஆகவே உயரம் மாறும்போதெல்லாம் அளக்க ஒரு காவலாளி தேவை. ‘ரீசைஸ் அப்சர்வர்’ என்னும் அத்தகைய காவலாளி 2018-ல் குரோம் உலாவியில் வந்தது. பின்னர் மற்ற உலாவிகளிலும் வந்துவிட்டது.

ஊளையிடும் மைக்கும் மின்சார மணியும்

அளந்து சொல்வதிலும் பிழை நேரும். திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே நீட்டினால் காதைப் பிளக்கும் ஓர் ஊளைச் சத்தம் எழும் அல்லவா? ஒலிபெருக்கியின் சத்தம் மைக்கில் நுழைந்து, பெரிதாகி, மறுபடியும் மைக்கில் நுழைந்து மேலும் பெரிதாவதால் வரும் விளைவு அது. சட்டகத்திலும் இது நேரலாம். உள்பக்கத்தை எழுதியவர், “என் உயரம் சட்டகத்தின் உயரத்தோடு 20 புள்ளி கூடுதல்” என்று அமைத்துவிட்டார் என்று வையுங்கள். 600 உயரத்தில் அது 620 கேட்கும். கொடுத்தால் 640 கேட்கும். பிறகு 660. பக்கம் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும்!

இன்னொரு பிழை, தண்ணீரை அளக்கச் சொன்னால் பாத்திரத்தை அளப்பது. உலாவியிடம் உள்பக்கத்தின் முழு உயரத்தைக் கேட்கும் வழக்கமான முறையில், சட்டகத்தின் உயரத்துக்குக் குறைவான விடை வராது. செல்போனை நிமிர்த்திப் பிடித்தபோது 1200 ஆன சட்டகம், பக்கவாட்டில் திருப்பியதும் குறைய வேண்டும். ஆனால் உள்ளே எழுத்து குறைந்தபின்னும், “இன்னும் 1200-தான்” என்றே விடை வந்துகொண்டிருக்கும். சட்டகம் வளரும், ஆனால் சுருங்காது. கீழே வெற்றிடம் கிடக்கும். சட்டகத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பொருளின் உயரத்தை மட்டும் அளப்பதே இதற்கு மருந்து.

மூன்றாவது பிழை மிகச் சுவையானது. மின்சார மணி வேலை செய்யும் விதத்தைப் படித்திருப்பீர்கள். மின்காந்தம் சுத்தியலை இழுக்கும். இழுத்ததும் மின்சுற்று அறுபடும். அறுந்ததும் சுத்தியல் திரும்பும். திரும்பியதும் சுற்று மறுபடியும் இணையும். சில கணினித் திரைகளில் உருள்பட்டை ஏறக்குறைய 15 புள்ளி அகலத்தை எடுத்துக்கொள்கிறது. பெரிய படம் உள்ள பக்கம் ஒன்று திரையைவிடச் சற்றே நீண்டுவிட்டது என்று வையுங்கள். உருள்பட்டை தோன்றும். அதனால் அகலம் குறையும். அகலம் குறைந்ததால் படம் குள்ளமாகும். பக்கம் திரைக்குள் அடங்கிவிடும். அடங்கியதால் உருள்பட்டை மறையும். அகலம் கூடும். படம் மறுபடியும் உயரும். உருள்பட்டை மறுபடியும் தோன்றும்! பக்கம் மணியைப் போல நடுங்கிக்கொண்டே இருக்கும். உருள்பட்டைக்கு எப்போதும் இடம் ஒதுக்கி வைத்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கணினி வேண்டியதில்லை. கோடு போட்ட தாளிலிருந்து 5, 10, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பாடநூலில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, மூன்றிலும் ஒரே அளவு கையெழுத்தில், சொல்லை உடைக்காமல் எழுதுங்கள். 5 சென்டிமீட்டர் துண்டு போதாவிட்டால் கீழே இன்னொன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். எழுதிய பகுதியின் உயரத்தை அளந்து, அகலத்தோடு பெருக்குங்கள். மூன்று பெருக்குத்தொகைகளும் ஏறக்குறைய சமமாக வருகின்றனவா? எந்தத் துண்டில் தொகை அதிகம்? ஏன்? அதே சோதனையை ஓர் ஆங்கிலப் பத்திக்கும் செய்து, எந்த மொழியில் வீண் இடம் அதிகம் என்று ஒப்பிடுங்கள்.

பிறகு ஓர் அட்டையில் 10 சென்டிமீட்டர் துண்டு சரியாக அடங்கும்படி ஒரு சன்னல் வெட்டி, அதே உயரத்துச் சன்னலை 5 சென்டிமீட்டர் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். பத்தியின் எந்த வாக்கியத்தோடு உலகம் முடிந்துவிடுகிறது என்று தெரியும். 

அந்த மாணவிக்கு என்ன சொன்னேன்?

மேலே சொன்ன கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 720-ல் 600; 360-ல் 1200. அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்ப அகலம் அதிகமானா உயரம் குறையும்ல சார்?” என்று கேட்டுவிட்டு, செல்போனைப் பக்கவாட்டில் திருப்பினாள். 360 புள்ளி அகலம் 800 ஆயிற்று. 4,32,000-ஐ 800-ஆல் வகுத்தால் 540. அது 600-ஐவிடக் குறைவு! மறைந்திருந்த உறுதிமொழியும், “சமர்ப்பிக்க” என்ற பொத்தானும் மெல்ல மேலே வந்து நின்றன.

பொத்தான் வந்துவிட்டது, தேதி திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு அவளுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆனால், அவள் கவனக்குறைவானவள் என்று சொன்னவர்களிடம் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தப் படிவத்தைப் பதித்தவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினோம். கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உள்ளே இருப்பதன் உயரத்தைக் கேட்டுச் சட்டகத்தை அமையுங்கள், அது முடியாவிட்டால் உருள்பட்டையையாவது மறைக்காதீர்கள். மறுவாரம் உருள்பட்டை வந்துவிட்டது.

நண்பர்களே, உங்களில் சிலர் நாளை இணையப் பக்கங்களை எழுதப்போகிறீர்கள். உங்கள் கணினியில் அடங்கியது எல்லார் கையிலும் அடங்கும் என்று நினைக்காதீர்கள். உங்களில் எல்லாரும் படிவங்களை நிரப்பப்போகிறீர்கள். சமர்ப்பித்ததற்கான எண்ணோ, ரசீதோ வராமல் ஒரு படிவம் முடிந்துவிட்டால், அது முடியவில்லை என்றே கொள்ளுங்கள். செல்போனை ஒருமுறை பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் பொத்தான் தெரியாவிட்டால், கடைசித் தேதிக்கு முன்பே பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு பெரிய திரையில் திறந்து பாருங்கள்.